ஒரே மூலக்கூறு, இரண்டு தண்டனைகள்

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு உண்டாகும் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடத்துக்கும் சிறைத் தண்டனைக்கும் என்ன தொடர்பு? பார்ப்போமா?

கோகெய்ன் என்ற போதைப்பொருள் தென் அமெரிக்கச் செடியான கோக்காவின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. வெள்ளைத் தூள் என்பது கோகெய்ன் ஹைட்ரோகுளோரைடு, அதாவது உப்பு. 'கிராக்' எனப்படும் கட்டியில் கோகெய்ன் கார வடிவில் இருக்கிறது. தூளை மூக்கால் உறிஞ்சுவார்கள், கிராக்கைப் புகைப்பார்கள். புகை நுரையீரல் வழியே சில நொடிகளில் மூளையை எட்டுவதால், பழக்கம் இன்னும் வேகமாகப் பற்றிக்கொள்ளும். ஆயினும் மூளையில் வேலை செய்வது ஒரே மூலக்கூறுதான். இரண்டுமே ஆபத்தானவை.

1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. விற்பதற்காக 5 கிராம் கிராக் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை. தூளாக இருந்தால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 100 மடங்கு வேறுபாடு!

இந்த 100 எந்தச் சோதனைச்சாலையில் கிடைத்தது? எதிலும் இல்லை. கிராக் மலிவானது; நகரங்களின் ஏழைக் கறுப்பினத்தவர் பகுதிகளோடு சேர்த்தே அது பேசப்பட்டது. தூளோ வசதி படைத்தவர்களின் பொருளாகக் கருதப்பட்டது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கிராக் பழக்கத்துக்கு ஆளானவர்களைக் கண்டு அஞ்சும்படி செய்தன. அந்த அச்சமும் வெறுப்பும் சட்டத்தில் எண்ணாக ஏறின. கிராக்கைப் பயன்படுத்தியவர்களில் வெள்ளையரும் ஏராளம். ஆனால் இச்சட்டத்தால் சிறை சென்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

வேறுபாட்டை நீக்கும்படி 1995இல் அந்நாட்டின் தண்டனை ஆணையம் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 2010இல்தான் 5 கிராம் என்பது 28 கிராம் ஆயிற்று. அப்போதும் ஏறக்குறைய 18 மடங்கு வேறுபாடு எஞ்சியது.

வெறுப்பு தீர்ப்பை மாற்றும் என்பதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும். அமெரிக்காவில் 500க்கும் மேற்பட்ட மனநலப் பணியாளர்களிடம் ஒரே நபரைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். சிலருக்கு அவர் 'போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்' என்றும், மற்றவர்களுக்கு 'போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்' என்றும் எழுதப்பட்டிருந்தது. மற்றவை எல்லாம் ஒன்றே. முதல் குறிப்பைப் படித்தவர்களே அவர்மீது கூடுதலாகப் பழி சுமத்தினர். தண்டனைதான் தேவை என்று கூறவும் அதிகம் முற்பட்டனர். 2010இல் இம்முடிவு வெளியானது. பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நீங்களும் ஒன்று செய்யலாம். ஒரு மாதம் செய்தித்தாளில் வரும் போதைப்பொருள் செய்திகளைச் சேகரியுங்கள். பழக்கத்துக்கு ஆளானவர் எந்தச் சொற்களால் குறிக்கப்படுகிறார்? சிகிச்சை பற்றி எத்தனை வரிகள்? தண்டனை பற்றி எத்தனை? பட்டியலிட்டு வகுப்பில் விவாதியுங்கள்.