சகோதர சங்கமும் விருந்தினர் சொற்பொழிவும்

கலாசாலைச் சங்கமொன்று ஆண்டுதோறும் அறிஞர் ஒருவரை வருவித்து, மாலை சூட்டி, அவர் மொழிவதைக் கேட்டு, நன்றி கூறிக் கலைந்து செல்வது எந்நாட்டிலும் காணும் வழக்கமே. அங்ஙனம் கலைந்தபின் மாணவர்பால் எஞ்சி நிற்பது யாது? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு, அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துக்களாற் பெயர்பெற்று விளங்கும் சகோதர சங்கங்களின் வரலாறு பெரிதும் பயன்படும்.

அவற்றுள் முதலாவது, வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மாணவர் சிலர் கூடி நிறுவிய பை பீட்டா காப்பா என்பது. ரகசியப் பிரமாணமும் கைகுலுக்குவதற்கு ஒரு தனிமுறையும் அதற்கு உண்டாயினும், அங்கத்தினர் முறைவைத்துக் கட்டுரை வாசிப்பதும், ஒரு பொருளைப்பற்றி இருபுறமும் நின்று வாதிடுவதுமே அதன் உயிர்த்தொழில். ஹார்வர்டில் 1781ல் தோன்றிய அதன் கிளை, மறைவான சங்கங்கள்மீது நாட்டில் வெறுப்பு எழுந்தமையால், 1831ல் ரகசியத்தைக் கைவிட்டது. மறைத்து வைத்ததும் பெரிதொன்றில்லை போலும்!

அக்கிளையின் 1837ஆம் ஆண்டு விழாவுக்கு முதலில் அழைக்கப்பெற்ற குருவானவர் வர இசைந்திலர். ஆகவே ரால்ப் வால்டோ எமர்சனை வேண்டிக்கொண்டனர். அவருக்கு அப்பொழுது வயது 34. அதே கல்லூரியில் பயின்று வகுப்பின் நடுவரிசையில் தேறியவர். 1832ல் குருத்தொழிலை விட்டு விலகியவர். ஆகஸ்டு 31ஆம் நாள், கற்றோர் நிறைந்த அவையில் அவர் கற்றோரையே கடிந்தார். நூல்கள் ஊக்குதற்குரியனவேயன்றி நம்மை அடிமைகொள்ளற்குரியன அல்ல என்றும், செயலிற் புகாத கல்வி முதிராத கல்வி என்றும், ஐரோப்பாவின் வாய்பார்த்து வாழ்ந்தது போதும் என்றும் எடுத்துரைத்தார். அச்சிட்ட 500 படிகளும் ஒரு திங்களுள் விற்றுப்போயின. பிற்காலத்தார் அவ்வுரையை அந்நாட்டு அறிவுலகின் சுதந்திரப் பிரகடனம் என மதித்தனர்.

மறு ஆண்டு ஜூலையில், வேதசாஸ்திரக் கல்லூரியில் தேறி வெளியேறும் மாணவர் அவரையே அழைத்தனர். அன்று அவர் கூறியவை பெரியோர் பலருடைய கொள்கைக்கு மாறாயிருந்தமையின் பெருங் கிளர்ச்சி உண்டாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஹார்வர்டு மேடை அவருக்கு மூடப்பட்டது. 1867ல் பை பீட்டா காப்பாவே மீண்டும் அவரைப் பேச அழைத்தது. அம்மாணவர் செய்தது தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடன்படலாகாத உரையையும் இறுதிவரை இருந்து கேட்டு, எவ்விடத்தில் மாறுபடுகிறோம் என்று தெளிவதும் தலைமைக்குரிய பயிற்சியே.

பின்னர்த் தோன்றிய சகோதர சங்கங்கள் பல குற்றமற்றன அல்ல. புதியோரை இழிவுபடுத்தியும் துன்புறுத்தியும் சேர்த்துக்கொள்ளும் கொடிய வழக்கம் உயிர்களையும் பலிகொண்டது. இது கண்டு, 1991ல் சிக்மா பை எப்சிலான் சங்கம் புதியோரைத் தனித்துவைத்துச் சோதிக்கும் நிலையை நீக்கிச் சேர்ந்த நாள்முதல் சமவுரிமையும், கல்லூரிக்காலம் முழுவதும் தொடரும் பயிற்சியும் தரும் திட்டமொன்றை வகுத்தது. அச்சங்கங்களில் நற்பேச்சாளர் வாராமலில்லை. மேடையில் அறவுரை கேட்டவரே இரவில் கொடுமை இழைத்தமையும் உண்டு.

ஆல்பா பை ஆல்பாவின் வரலாறு வேறு வகையினது. கார்னெல் சர்வகலாசாலையில் ஓராண்டு பயின்ற கறுப்பின மாணவர் அறுவர் மறு ஆண்டு திரும்பவில்லை. எஞ்சியோரும் அங்ஙனம் உதிர்ந்துபோகாவண்ணம் முதலில் ஒரு வாசகக் கூட்டமாகச் சேர்ந்து, 1906 டிசம்பர் 4ஆம் நாள் எழுவர் அதனைச் சங்கமாக்கினர். அதன் பொன்விழா மாநாடு 1956 ஆகஸ்டில் பபலோ நகரிற் கூடியபோது, உரையாற்றியவர் 27 வயதினரான மார்ட்டின் லூதர் கிங். 1952ல் பாஸ்டனில் மாணவராயிருந்து அச்சங்கத்திற் சேர்ந்தவர் அவர். மாண்ட்கோமரியில் பஸ் வண்டிகளைப் பகிஷ்கரித்து மக்கள் நடந்துசெல்லத் தொடங்கி எட்டுத் திங்கள் கடந்திருந்தன, போராட்டம் முடிந்திலது. செயலின் நடுவிலிருந்து வந்து, செயலுக்கே திரும்பிச் சென்ற பேச்சாளர்!

அவ்வவையோரும் வாளா கேட்டிருக்கும் வழக்கமுடையரல்லர். 1920க்குப் பிந்திய ஆண்டுகளிலேயே உயர்தரப் பள்ளிக்குச் செல்லுங்கள், கல்லூரிக்குச் செல்லுங்கள் என்னும் இயக்கத்தை அச்சங்கத்தார் ஊரூராய் நடத்தினர். அடுத்த பத்தாண்டில் வாக்குரிமைக்காக மற்றோர் இயக்கம் தொடங்கினர். விருந்தினர் உரைகளைக் கேட்டுவந்த இளைஞர், பள்ளிப்பிள்ளைகளின் முன் தாமே விருந்தினராய் நின்று பேசக் கற்றது அவ்வாறேயாம்.