முதல் ஆல்பத்துக்கு மூன்று ஒலி போதும்

காக்ஸ் டவுன், பெங்களூரு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். மெட்டு நன்றாக வந்திருக்கிறது, கிதார் வாசிக்கிற பையனும் கெட்டிக்காரன். ஆனால் ஒரே பாட்டில் எத்தனை சிந்தசைசர் ஒலிகள்! லேப்டாப்பில் தட்டினால் வருகிறதே என்று எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறீர்கள். எண்பதுகளின் வாசம் வேண்டும் என்கிறாய். அந்த வாசம், கையில் கொஞ்சமே கருவி வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது.

சரண்ஜித் சிங் என்று பம்பாயில் ஒருவர் இருந்தார். இந்திப் படப் பாட்டுகளுக்கு ஸ்டுடியோவில் வாசித்துப் பிழைத்தவர். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து 1982-ல் ஒரு தட்டு பதிவு செய்தார். அதற்கு அவர் வைத்திருந்தவை ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்தான்: ஜூபிடர்-8, டிஆர்-808, டிபி-303.

இதில் 303-ஐக் கவனி. தனியாகப் பழகும் கிதார்காரருக்கு பேஸ் வாசித்துத் துணை நிற்கட்டும் என்று செய்த சின்னப் பெட்டி அது. பேஸ் கிதார் மாதிரி ஒலிக்கவே இல்லை, விற்கவும் இல்லை. 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி அதில் உண்டு. ராகம் காதில் ஊறியவருக்கு அது போதாதா? அவர் வாசித்த பூபாலி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். இரண்டையும் நீ பாட்டு வகுப்பில் படித்திருக்கிறாய். அடியில் 808 பதினாறு படி கொண்ட தாளத்தை அலுக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். அதன் ஒவ்வோர் அடியும் மின்சுற்றே உண்டாக்குவது. நிஜ டிரம்மின் பதிவு துளியும் கிடையாது.

அந்தத் தட்டு அப்போது போணியாகவில்லை. 1987-ல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே 303-ன் திருகுகளைத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற இசை கிளம்பியது. 2010-ல் சிங்கின் தட்டு மறுபதிப்பு கண்டபோதுதான், சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்பே பம்பாயில் இது நடந்திருக்கிறதே என்று உலகம் வாய் பிளந்தது. ஆசிட் ஹவுஸுக்கே அவர்தான் தந்தை என்பார்கள், நம்பாதே. சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டதற்குச் சான்றில்லை.

இனி உன் வேலை. பேஸுக்கு ஒன்று, பின்னணிக் கார்டுகளுக்கு ஒன்று, முன்னால் வந்து பாட ஒன்று, ஆக மூன்று ஒலிகளை எடுத்துக்கொள். ஆல்பம் முழுக்க அவையேதான். மாற்றம் வேண்டுமென்றால் பதிவாகும்போதே ஃபில்டரைக் கையால் திருகு: மூடினால் ஒலி மங்கும், திறந்தால் பளிச்சிடும். உன் பாட்டின் இரண்டாம் சரணத்தில் கிதாரும் சிந்தசைசரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. சிந்தசைசரை ஒரு ஸ்தாயி மேலே ஏற்று, இல்லையென்றால் அந்த இடத்தில் நிறுத்திவிடு. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும்.

அவசரமும் வேண்டாம். சென்னையின் 'தி எஃப்16ஸ்' குழுவினர் 2013-ல் சிறு தொகுப்பு ஒன்று போட்டுவிட்டு, முதல் முழு ஆல்பத்தை 2016-ல்தான் கொண்டுவந்தார்கள்.

தீபாவளிக்கு வரும்போது அந்த மூன்று ஒலிகளில் செய்த ஒரே ஒரு பாட்டைக் கொண்டுவா. ஹெட்போனில் வேண்டாம், வீட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்போம்.

அன்புடன்,
சித்தப்பா