ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வீட்டில் கைகொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டது. புதுப் பை, புதுச் சீருடை எல்லாம் தயார். வீட்டில் நாம் என்ன சொல்லிக்கொடுப்பது, எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி. ஆசிரியர் பயிற்சி எதுவும் நமக்குத் தேவையில்லை. எது முதலில், எது பிறகு என்ற வரிசை தெரிந்தால் போதும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியையே எடுத்துக்கொண்டு போவோம். தனியார் பள்ளிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆகியவையே பாடங்கள். நாம் படித்த காலத்தைப்போல எல்லாரும் ஒரே பக்கத்தைத் திறந்து கோரஸாகச் சொல்வது இப்போது குறைவு. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் படிக்கிறார்கள். பாடல், கதை, பொம்மலாட்டம், படம் வரைதல் எல்லாம் வகுப்பிலேயே நடக்கும். ‘இன்னைக்கு ஸ்கூல்ல பாட்டுதான் பாடினோம்’ என்று பிள்ளை சொன்னால் கவலை வேண்டாம். அந்தப் பாட்டுக்குள் அன்றைய எழுத்து இருக்கும். ‘அந்தப் பாட்டை எனக்கும் பாடிக் காட்டு’ என்று கேளுங்கள். வீட்டுப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.

ஆண்டு முடிவில் பிள்ளை எங்கே நிற்க வேண்டும்? 2021-இல் ஒன்றிய அரசு அறிவித்த ‘நிபுண் பாரத்’ இலக்கு இது: நான்கைந்து எளிய சொற்கள் கொண்ட புதிய வாக்கியத்தைப் படிக்க வேண்டும், 99 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும், எளிய கூட்டல், கழித்தல் வர வேண்டும். அவ்வளவுதான். இதை நாள்காட்டியில் எழுதி வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்யுள் ஒப்பிக்கும்போது நம் மனசு பதறாமல் இருக்க உதவும்.

வீட்டுப்பாடம் உண்டா?

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. அதே ஆண்டில் ஒன்றிய அரசும், இந்த வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே, ‘அ’ வை நூறு தரம் எழுதச் சொல்லும் வேலையை நாமும் வீட்டில் கையில் எடுக்க வேண்டாம். நாம் செய்யப்போவது விளையாட்டும் பேச்சும் கலந்த பயிற்சி.

என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்?

அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, பை, கிரேயான் ஆகியவை விலையில்லாமல் கிடைக்கின்றன. வீட்டுக்கென்று நாம் வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு சிலேட்டு, ஒரு பெட்டி பல்பம், கோடு போடாத நோட்டு ஒன்று, கட்டம் போட்ட நோட்டு ஒன்று, இரண்டு பென்சில், ஒரு ஜோடி தாயக்கட்டை அல்லது பகடை. விலை ஊருக்கு ஊர் மாறும்; ஆனாலும் 300 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். நான்கு கோடு நோட்டு முதல் பருவத்தில் வீட்டுக்குத் தேவையில்லை.

செலவில்லாத பொருள்களும் சேர்த்து வைப்போம்: ஐம்பது புளியங்கொட்டை, துடைப்பத்திலிருந்து உருவிய நூறு ஈர்க்குச்சி, பத்து ரப்பர் பேண்டு, பழைய நாள்காட்டித் தாள்கள். தினசரி நாள்காட்டித் தாளில் எண் பெரிதாக இருக்கும், பின்பக்கம் எழுதலாம். எண் அட்டையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

எப்போது, எவ்வளவு நேரம்?

பள்ளியிலிருந்து வந்ததும் வேண்டாம். சாப்பிட்டு, ஓடி விளையாடிவிட்டு வரட்டும். பிறகு இருபது நிமிடம். பத்து நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் எண். அதற்குமேல் பிள்ளையே கேட்டால் தொடரலாம், நாமாக நீட்ட வேண்டாம். படுக்கும் நேரக் கதை இந்தக் கணக்கில் சேராது.

முதலில் காது, பிறகு கை

எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒலி பிடிபட வேண்டும். சமைத்துக்கொண்டே விளையாடலாம். ‘ம-வில தொடங்குற பேரு மூணு சொல்லு பார்ப்போம்.’ மரம், மணி, மயில். தக்-கா-ளி என்று கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் இப்படி விளையாடிய பிள்ளைக்கு எழுத்தைக் காட்டும்போது, அது ஏற்கெனவே தெரிந்த ஒலியின் படமாக இருக்கும்.

பிள்ளை வீட்டை ‘வூடு’ என்றும் பழத்தைப் ‘பயம்’ என்றும் சொல்லலாம். திருத்திக் கேலி செய்யாதீர்கள். ‘ஆமா கண்ணு, புத்தகத்துல இதை வீடுன்னு எழுதியிருக்காங்க’ என்றால் போதும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள் அந்த மொழியிலேயே கதை சொல்லலாம். அதனால் தமிழ் கெடாது.

விரலுக்கும் பயிற்சி வேண்டும். சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, பூ தொடுப்பது எல்லாம் பென்சில் பிடிக்கத் தயார்ப்படுத்தும் வேலைகள். பிறகு தட்டில் அரிசி பரப்பி விரலால் கோடு, வளைவு, சுழி. அதன்பின் சிலேட்டு. கடைசியாகத்தான் பென்சிலும் நோட்டும்.

எழுத்து: எந்த வரிசையில்?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்தக் கணக்கைப் பிள்ளைமேல் சுமத்த வேண்டாம். பள்ளியில் எந்த எழுத்து நடக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு அதையே தொடர்வதுதான் முதல் விதி. பள்ளி ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமும் இழுத்தால் பிள்ளை தவிக்கும்.

நமக்கே தொடங்க வாய்ப்பு இருந்தால், எழுத எளிய எழுத்துகளில் தொடங்கலாம். ட எழுதத் தெரிந்த கை, வலப்பக்கம் ஒரு கோட்டை ஏற்றினால் ப. அங்கிருந்து ம. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கைவந்தால் படம், பட்டம், மடம் என்று உண்மையான சொற்களையே படித்துவிடலாம். ‘நான் படிச்சிட்டேன்’ என்ற அந்த முகத்தைப் பார்த்தால், இந்த வழியை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது புரியும்.

அடுத்து துணைக்கால். படம் பாடம் ஆகிறது, மடம் மாடம் ஆகிறது. சொல்லை அடுத்தடுத்து எழுதி, கால் எங்கே வந்தது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ி: படி, மாடி, பாட்டி.

கொம்பில்தான் தடுமாற்றம் வரும். கெ என்ற எழுத்தில் ஒலி பின்னால் வருகிறது, குறியோ முன்னால் நிற்கிறது. கொ என்றால் இரண்டு பக்கமும் குறி. இதை அவசரப்படுத்த வேண்டாம். கை, பை, மை, தை என்ற ஓரெழுத்துச் சொற்களில் தொடங்கினால், குறி முன்னால் நிற்பது கண்ணுக்குப் பழகிவிடும். அதன்பின் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு.

உகர வரிசை இன்னொரு மேடு. கு, சு, டு, பு, மு ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். வாய்பாடாக ஒப்பிக்க வைக்காமல், ஒரே எழுத்தில் முடியும் சொற்களைக் கூட்டுங்கள்: ஆடு, மாடு, காடு, வீடு. டு தானாக மனத்தில் நிற்கும். ல, ள, ழ மற்றும் ர, ற குழப்பம் இந்த ஆண்டில் முழுதாகத் தீராது. தீர வேண்டிய அவசியமும் இல்லை.

எண்: கொட்டையிலிருந்து குறிக்கு

நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, ‘ஏழு கொட்டை எடு’ என்றால் திணறலாம். ஆகவே முதலில் தொட்டு எண்ணுதல். ஒரு எண்ணுக்கு ஒரு கொட்டை. எண்ணி முடித்ததும் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், இன்னும் சில நாள் இதே விளையாட்டு.

அடுத்து, பத்து ஈர்க்குச்சியை ரப்பர் பேண்டில் கட்டுங்கள். பதின்மூன்று என்றால் ஒரு கட்டும் மூன்று குச்சியும். ஆங்கில வழியில் படிக்கும் குழந்தை ‘தர்ட்டீன்’ என்று கேட்டு 31 என எழுதுவது மிகவும் சகஜம். கட்டையும் குச்சியையும் கையில் கொடுத்தால் சரியாகும்.

கூட்டலுக்கு இரண்டு பகடையை உருட்டிச் சேர்த்து எண்ணலாம். பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. கழித்தலுக்கு எட்டு கடலை வைத்து மூன்றைத் தின்னச் சொல்லுங்கள். + குறியும் – குறியும் இதற்குப் பிறகுதான் நோட்டில் வரும். கடைக்குப் போகும்போது 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள்.

படுக்கும் முன் ஒரு கதை

நாம் படிக்க, பிள்ளை படம் பார்க்கட்டும். வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘நிலை 1’ என்று இருப்பவற்றை எடுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். கதையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவதும் வாசிப்பின் ஒரு படிதான்.

கவனிக்க வேண்டியவை

இடக்கைப் பழக்கத்தை மாற்ற முயலாதீர்கள். எழுத்தை, எண்ணைத் திருப்பி எழுதுவது இந்த வயதில் இயல்பு. சரியானதைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். பிள்ளை பல்பம் தின்றுகொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் புளியங்கொட்டையை எண்ணி எடுத்து, எண்ணி மூடி வையுங்கள்.

புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோவது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது போன்றவற்றைக் குறும்பு என்று விட்டுவிட வேண்டாம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ கண்ணையும் காதையும் பரிசோதிக்கலாம்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது?

மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ‘நல்லாப் படிக்கிறானா?’ என்று கேட்டால் ‘படிக்கிறான்’ என்ற பதில்தான் வரும். ‘இப்போ எந்த நிலையில இருக்கிறான்? எந்த எழுத்துல தடுமாறுகிறான்? வீட்டுல நாங்க எதைச் செய்யலாம்?’ என்று கேளுங்கள். பயிற்சி நூலை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியர் சொல்லும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த இரண்டு வாரத்துக்கு அந்த இருபது நிமிடத்தில் அதை மட்டும் செய்வோம்.