கழன்ற செருப்பும் நோகாத காலும்: நீரிழிவு உள்ளவர்களின் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிகால மாலையில், இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் கூட்டம் ஓர் ஓலைக் கொட்டிலில் நடைபெற்றது. விதைநெல் பற்றிப் பேசக் கூடியிருந்தோம். அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் பிந்தி வந்தார். அவருடைய வலது காலில் மட்டுமே செருப்பு இருந்தது. "அப்பு, மற்றச் செருப்பை எங்கை விட்டனீங்கள்?" என்று ஓர் இளைஞன் கேட்டான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கழண்டது தெரியேல்லை, தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. அன்றிரவு வெறுங்காலுடன் வீடு திரும்புகையில் தகரத் துண்டொன்று இடது உள்ளங்காலை வெட்டியது. நோகாதபடியால் அவர் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் பாயிலே கறையைக் கண்ட மகள்தான் காலைத் தூக்கிப் பார்த்தாள். வைத்தியசாலையில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. அன்று சிரிக்காமல் அந்தக் காலைப் பார்த்திருந்தால் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. இந்தப் பாடத்தை எழுதுவதற்கு அதுவே காரணம்.

நோவு ஒரு காவற்காரன்

இரத்தத்தில் சீனி பல ஆண்டுகள் கூடி நின்றால் நரம்புகள் பழுதடைகின்றன. உடலிலே மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகின்றவை. ஆகவே பழுது விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. சிலருக்கு இரவில் எரிவும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் உண்டாகும். வேறு சிலருக்கு ஒன்றுமே தெரியாது. மெல்ல மெல்லப் பாதம் மரத்துப்போகும். நோவில்லை என்பதால் கால் நலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த உண்மையை உலகுக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த இவர், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலர் நம்பினர். உணர்விழந்த கைகால்களில் நோவு தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் காயமே பெரும்பாலான அழிவுக்குக் காரணம் என்று அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். மென்மையான நுண்துளை றப்பர் வைத்த செருப்புகள் இந்தியாவில் தொழுநோயாளரின் பாதங்களைக் காக்கப் பயன்பட்டன. 1966இல் அமெரிக்கா சென்ற பிராண்ட், அதே பாடம் நீரிழிவு உள்ளவர்களின் பாதத்துக்கும் பொருந்தும் என்று கற்பித்தார்.

நிலைதளர்வது ஏன்?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று துணைகள் உண்டு: கண், உட்காது, கால். பாதமும் கணுக்காலும் நிலம் சரிவா, மேடா, வழுக்கலா என்று மூளைக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கால் மரத்தால் அந்தச் செய்தி நின்றுவிடும். அப்போது பாரம் முழுவதையும் கண்ணே சுமக்கிறது. பகலில் நன்றாக நடப்பவர் இருட்டில் தள்ளாடுவது இதனாலேதான். கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியதும் உடல் ஆடுகிறதா? கிணற்றுக்கட்டுக்கு அருகில் அப்படி நிற்பது ஆபத்து. சற்றுத் தள்ளி ஒரு கதிரையில் இருந்து கழுவுங்கள்.

வீட்டிலே ஒரு சோதனை

நீரிழிவு உள்ளவரைக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் சுட்டுவிரல் நுனியால் அவருடைய கால்விரல்களை மிக மெதுவாக ஓரிரு விநாடி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ உரசவோ கூடாது. ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் என மொத்தம் 6 விரல்கள். தொட்டதும் அவர் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தொட்டது தெரியாவிட்டால் பாதம் உணர்வை இழந்திருக்கலாம். கிளினிக்கில் அதைச் சொல்லிக் காலைக் காட்டுங்கள். எல்லா மரப்புக்கும் சீனியே காரணம் என்றும் எண்ண வேண்டாம். மெற்போமின் குளிசையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் கால் மரக்கலாம்.

எப்படிப்பட்ட காலணி?

விரலிடையில் வார் உள்ள றப்பர் செருப்பை விரல்களால் பற்றிக்கொண்டுதான் நடக்கிறோம். மரத்த விரல் பற்றாது. செருப்பு கழன்றாலும் தெரியாது, தடுக்கினாலும் தெரியாது. ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. குதிக்காலைச் சுற்றிப் பின்வார் இருக்க வேண்டும். வீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒட்டுப்பட்டி நல்லது.

2. உட்புற நீளம் மிக நீண்ட விரலைவிட 1 முதல் 2 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது நின்றபடி அளவெடுங்கள்.

3. தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து வெட்டி, அந்தத் தாளைக் காலணிக்குள் வையுங்கள். ஓரம் மடிந்தால் காலணி ஒடுக்கம், வாங்க வேண்டாம்.

4. அடிப்பாகம் முள் ஏறாத தடிப்புடனும், அகலமாகவும், வழுக்காத வெட்டுகளுடனும் இருக்க வேண்டும். குதி உயரம் ஓர் அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

5. ஆணி அடித்த காலணி வேண்டாம். ரயர் செருப்பில் ஆணி மேலே வந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. தைப்பவரிடம் சொல்லி ஒட்டியோ தைத்தோ எடுங்கள்.

புதுக் காலணியை முதல் நாள் ஒரு மணித்தியாலம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தின் பின்னும் மாறாவிட்டால் அந்த இடத்தில் காலணி அழுத்துகிறது. ஒவ்வொரு முறையும் போடுமுன் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். கல், முள், தேள் எதுவும் இருக்கலாம்.

காலணி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

விரல் இழந்த அந்த அப்புவுக்கு மெத்தென்ற உட்தகடு வைத்த காலணி கிடைத்தது. மூன்றாம் நாள் அதை மூலையில் போட்டுவிட்டார். "போட்டால் பஞ்சிலை நடக்கிற மாதிரிக் கிடக்கு, சுவாமி. விழுந்துபோவன் எண்டு பயமாக்கிடக்கு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மென்மையான தடித்த அடி, பாதத்தில் விழும் அழுத்தத்தைப் பரப்பிப் புண் வராமல் காக்கிறது. ஆனால் எஞ்சியிருக்கும் கொஞ்ச உணர்வையும் அதுவே மங்கச் செய்யலாம். முன்புறம் வளைந்த அடியுள்ள காலணியிலும் ஆரம்பத்தில் உடல் ஆடும்.

அதற்காகக் காலணியைக் கைவிடலாமா? கூடாது. புண் வந்த காலுக்கு மீண்டும் புண் வருவது மிகச் சாதாரணம். காலணி தோலைக் காக்கும். நிலைதளராமல் நிற்க நாம்தான் காலைப் பழக்க வேண்டும். அந்த அப்பு ஒரு கையில் பொல்லுடன், மகள் பக்கத்தில் வர, முற்றத்தில் நாளுக்குச் சிறிது நேரமாக நடந்து பழகினார். ஒரு மாதத்தில் காலணி அவருக்குப் பழகிவிட்டது.

புண் இல்லாதவர்கள் தினமும் செய்யக்கூடியவை: கதவுநிலையைப் பிடித்தபடி குதிக்காலை 10 தரம் உயர்த்தித் தாழ்த்துதல், கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து இருத்தல், சுவரைத் தொட்டபடி ஓரடிக்கு முன் மற்ற அடியை வைத்து நடத்தல். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பாதத்தில் புண் உள்ளவர் வைத்தியரைக் கேளாமல் இவற்றைச் செய்யக் கூடாது.

வயலிலும் வீட்டிலும்

வயலில் இறங்காதே என்று விவசாயியிடம் சொல்வது எளிது. அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. எனவே வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். சேற்றில் இறங்குவதை உணர்வுள்ள காலுடையவர் செய்யட்டும். மரத்த காலுடையவர் நாற்றுமுடி கட்டுதல், விதை தெரிதல், காவல் போன்றவற்றை ஏற்கட்டும். மழையில் ஊறிய வரம்பில் இருட்டிய பின் தனியே நடக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். வீட்டுக்கென ஒரு சோடி வையுங்கள். கொட்டிலிலிருந்து மலசலகூடம் வரை தடிகளை நட்டுக் கயிறு கட்டுங்கள். ரோச் லைற் தலைமாட்டில் இருக்கட்டும். தகரக் கொட்டில்களில் இரவில் எலி மரத்த விரலைக் கடித்தாலும் உறங்குபவர் அறியமாட்டார். படுக்குமுன் காலைக் கழுவித் துடைத்து, நுளம்புவலையைப் பாயின் கீழ் செருகிக்கொள்ளுங்கள்.

நண்பகல் மணலும் தாரும் மரத்த பாதத்தைப் பொசுக்கிவிடும். காலணியுடன் ஆலயத்துக்கு வர எவரும் வெட்கப்பட வேண்டாம் என்பதை எம் பங்குகளில் அறிவித்தல் வேண்டும். வெறுங்காலுடனேயே செல்ல வேண்டிய இடங்களுக்கு, வெயில் ஏறுமுன் தடித்த காலுறையுடன் போய் வரலாம்.

காலில் சூடு பிடிப்பது, ஆணிக்கூட்டைப் பிளேட்டால் வெட்டுவது இரண்டும் வேண்டாம். நீரிழிவு உள்ளவரின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் தினமும் வீட்டார் ஒருவர் பார்க்க வேண்டும். புண், கருமை, நாற்றம் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். நோவில்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுடுகிறதா? அது எலும்பு நொறுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல், அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்த அப்பு இன்று கூட்டங்களுக்கு இரண்டு காலிலும் பின்வார் உள்ள செருப்புடன் வருகிறார். வந்ததும் மற்ற முதியவர்களின் கால்களைத்தான் முதலில் பார்க்கிறார்.

குழுவாகக் கலந்துரையாட

1. எங்கள் குடியிருப்பில் நீரிழிவு உள்ளவர்கள் யார்? அவர்களுடைய பாதங்களைக் கடைசியாக யார் பார்த்தார்கள்?

2. கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவருக்கு நீரிழிவும் இருந்தால், மற்றக் காலைக் காக்க நாம் என்ன செய்யலாம்?

3. இருட்டில் ஆபத்தான பாதைகள் எவை? அடுத்த சிரமதானத்தில் எதை முதலில் திருத்துவோம்?