பாலங்கள் எட்டா, நான்கா?

சங்கச் செயலாளர் சென்ற வாரம் என் அறைக்கு வந்து, "ஐயா, மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், புரதத்தைப் பற்றி எழுதினாலும் சரி" என்றார். அந்த 'எழுதினாலும் சரி'யில் இருந்த அச்சத்தை நான் கவனிக்காமலில்லை. ஆகவே புரதத்தைப் பற்றிக் கொஞ்சமும், அதைப் பற்றி எழுதுகிறவர்களைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவும் சொல்கிறேன். புரத விஞ்ஞானத்துக்கான ரெவியூ இதழ் ஒன்றுக்குச் சில ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான்.

ரெவியூ இதழ் புதிய சோதனைகளை வெளியிடுவதன்று. ஒரு துறையில் பலரும் பல இடங்களில் கண்டவற்றைத் திரட்டி, எது நிற்கும், எது நிற்காது என்று எடைபோட்டுச் சொல்வது. ஆன்சனும் எட்சாலும் பதிப்பித்த 'அட்வான்சஸ் இன் புரோட்டீன் கெமிஸ்ட்ரி'யின் முதல் தொகுதி 1944-இல் வந்தது. அதன் 23-ஆம் தொகுதியில், 1968-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் சசிசேகரனும் எழுதிய கட்டுரை 150 பக்கங்களுக்கு மேல் ஓடுகிறது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதை அவ்வளவு பொறுமையாக விளக்கியவர்கள் குறைவு. அத்தனை பக்கம் எழுதுகிறேன் என்று என்னிடம் எவரேனும் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். நஷ்டம் எனக்கே ஆகியிருக்கும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குச் சிறிது பாடம் தேவை.

ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தில் 124 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றுள் 8, கந்தகம் உள்ள சிஸ்டீன்கள். இவை இரண்டிரண்டாகக் கைகோத்து 4 பாலங்கள் ஆகின்றன. முதல் சிஸ்டீனுக்குத் துணை 7 பேரில் ஒருவர், அடுத்ததற்கு 5, அதற்கடுத்து 3. பெருக்கினால் 105 வழிகள். அவற்றுள் சரியானது ஒன்றே. அன்பின்சன் இப்புரதத்தை யூரியாவில் இட்டுப் பாலங்களை முறித்தார். பிறகு யூரியாவை நீக்கிக் காற்றுப்பட விட்டார். அந்த ஒரே வடிவம் திரும்பி வந்தது, என்சைம் மீண்டும் வேலை செய்தது! வடிவத்துக்கான கட்டளை சங்கிலியின் வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டிய இப்பணிக்காக 1972-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

எனக்கு வந்த ஒரு கட்டுரை, '8 பாலங்கள், 105 வழிகள்' என்றது. மதிப்பீட்டாளர் இருவர் படித்தனர், நானும் படித்தேன், அச்சாயிற்று. ஒரு மாதத்தில், ஆய்வில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு மாணவியிடமிருந்து கடிதம் வந்தது. பாலம் எட்டானால் சிஸ்டீன் பதினாறாக வேண்டும். அப்போது வழிகள் 20 இலட்சத்தைத் தாண்டும். எது சரி என்று பணிவாகக் கேட்டிருந்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. விசாரித்ததில், எழுதியவர் மூலக்கட்டுரையைப் பார்க்கவேயில்லை. வேறொரு ரெவியூவிலிருந்து எடுத்திருந்தார். திருத்தம் வெளியிட்டோம். திருத்தத்தை யார் படிக்கிறார்கள்?

அதன்பின், வரும் ஒவ்வொரு கட்டுரையிலும் பத்து மேற்கோள்களைப் பொறுக்கி, நூலகத்தில் மூலத்தோடு ஒப்பிடலானேன். எண்களைவிடச் சொற்களே அதிகம் பிசகியிருந்தன. 'சோதனைக்குழாயில் இப்புரதம் தானே மடிகிறது' என்பது மூன்றாவது கைக்கு வரும்போது 'எல்லாப் புரதங்களும் துணையின்றியே மடிகின்றன' என்று ஆகிவிடுகிறது. பாலங்கள் சரியாக அமைவதை விரைவுபடுத்தும் என்சைம் ஒன்று உயிரணுவில் இருப்பதை 1963-இல் அறிவித்தவர்கள் அன்பின்சனின் குழுவினரே! மடிவதற்கு உதவும் துணைப்புரதங்கள் வேறு பலவும் உண்டு.

இவ்வாறு ஒப்பிட்டு, மூத்த அறிஞர் ஒருவருக்கு இரண்டு இடங்களைச் சுட்டி எழுதினேன். முப்பது ஆண்டு அனுபவத்தைச் சோதிக்கிறீரா என்று பதில் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்விதழ் நான்கு மாதம் தாமதமாயிற்று, சந்தாதாரர்கள் ஏசினார்கள். அவர் கட்டுரை பின்னர் வேறோர் இதழில் வந்தது. வாங்கிப் பார்த்தேன். நான் சுட்டிய இரண்டில் ஒன்றைத் திருத்தியிருந்தார்.