கட்டட அனுமதி: கேட்க வேண்டியதைக் கேட்போம்



இந்த மாதப் பாடம் கட்டட அனுமதி பற்றியது. "நாம என்ன மாடி மாடியாவா கட்டப் போறோம்? இது நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நம் குழுக்களில் வீடு கட்டவும், ஓட்டு வீட்டை மாற்றவும், ஒரு அறை கூடுதலாகப் போடவும் கடன் வாங்குகிறோம். அந்தக் கடனின் பாதுகாப்பு இந்த அனுமதியில்தான் இருக்கிறது. அதனால் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத அக்காக்களுக்குக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

ஒரு உறுப்பினர் கேட்ட கேள்வி

நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே கணவரை இழந்த ஒரு உறுப்பினர் குழுவில் கடன் வாங்கி, பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். "பிளான் அப்ரூவல் நான் வாங்கித் தரேன் அக்கா, நீங்க அலைய வேண்டாம்" என்று ஒரு புரோக்கர் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது எதுவும் தரவில்லை. சுவர் எழுந்து கான்கிரீட் போடும் நேரத்தில், அனுமதி இல்லாததால் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அலுவலகத்தில் போய்க் கேட்டால், அவர் பெயரில் மனுவே பதிவாகவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தப்பு என் மேலயும் இருக்கு மேடம், ஒத்துக்கறேன். ஆனா அதே தெருவுல லாட்ஜ் மேல இன்னொரு மாடி ஏறுது. அதுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டலையே? சட்டம் என் வீட்டு வாசல் வரைக்கும்தான் வருமா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தப் பாடம்.

அனுமதி எதற்காக?

அனுமதி என்றால் பணம் கட்டும் சடங்கு என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது உயிர்க் காப்பு.

2004 ஜனவரி 23 அன்று நம் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி எரிந்தது. இறங்கி வரக் குறுகலான படிக்கட்டு. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாழ்த்த வந்த பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தில் தீ. அங்கேயும் கீற்றுக் கூரை, அங்கேயும் குறுகலான வழி. 94 பிள்ளைகள் போய்விட்டார்கள்.

இரண்டு இடத்திலும், கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒருவர் நேரில் வந்து பார்த்து "இது ஆபத்து, மாற்று" என்று சொல்லியிருந்தால் எத்தனையோ உயிர் மிஞ்சியிருக்கும்.

சமயபுரத்துக்குச் சித்திரைத் தேருக்கும் பூச்சொரிதலுக்கும் எவ்வளவு கூட்டம் வருகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லாட்ஜ், மண்டபம், சாப்பாட்டுக் கடை என்று கட்டடங்கள் பெருகும் இடம் இது. அதனால் அனுமதியும் கண்காணிப்பும் இங்கே எல்லோருடைய பிரச்சினை.

சரியான முறையில் மனு போடுவது எப்படி?

1. யாரிடம்? சமயபுரம் கோயில் இருக்கும் பகுதி ச.கண்ணனூர் பேரூராட்சியில் வருகிறது. அங்கே செயல் அலுவலர்தான் பொறுப்பு. சுற்றுக் கிராமங்களுக்கு அந்தந்த ஊராட்சி. பெரிய கட்டடங்கள் என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும்.

2. மனையைப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அவை 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கானவை. "பிளாட் விலை கம்மி" என்று ஏமாறாமல், அங்கீகார எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

3. சிறிய வீடு என்றால் சுயசான்று. 2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோடு ஒரு மாடி கட்டும் குடியிருப்புக்கு இணையதளம் வழியாக உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டி யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கவனம்: தகவல் பொய் என்றால் அனுமதி செல்லாது, பொறுப்பும் நம்முடையது.

4. பணம் கட்டினால் ரசீது, மனு போட்டால் மனு எண். இவை இல்லை என்றால் மனு இல்லை என்றுதான் அர்த்தம்.

அலுவலகம் எப்படி நடக்க வேண்டும்?

மனு போடுவது நம் கடமை. நியாயமாக நடத்துவது அலுவலகத்தின் கடமை. இந்த ஐந்தையும் கூட்டமைப்பாகக் கேட்கலாம்.

முதலாவது, அனுமதி பெற்றவர்களின் பட்டியலை வெளியிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4-இல் இது சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கு யாரும் மனு போட்டுக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில், எழுத்தில் சொல்ல வேண்டும். "நாளைக்கு வாங்க, இது இல்லை, அது இல்லை" என்று கூலி வேலையை விட்டுவிட்டு அலைய வைக்கக் கூடாது. இந்த அலைச்சல்தான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது.

மூன்றாவது, கட்டும் இடத்தில் அனுமதி பெற்ற வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கட்டளையாகவே சொல்லியிருக்கிறது.

நான்காவது, கட்டும்போதே அதிகாரிகள் வந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். இதுவும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கட்டி முடித்த பிறகு இடிப்பதைவிட அஸ்திவாரத்திலேயே நிறுத்துவது எல்லோருக்கும் நஷ்டம் குறைவு.

ஐந்தாவது, ஆபத்துக்கு முதலிடம். நூறு பேர் கூடும் மண்டபமும், வெளியூர்க்காரர் தூங்கும் லாட்ஜும்தான் முதலில் பார்க்கப்பட வேண்டும். ஒற்றை அறை வீட்டின் இரண்டடி அதற்குப் பிறகு. நடவடிக்கை எடுக்க அதிகாரம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் அது இருக்கிறது.

நோட்டீஸ் வந்தால்?

பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும், எது விதிமீறல் என்று எழுத வேண்டும், நம் தரப்பைக் கேட்க வேண்டும். ஆனால் ரோடு, நடைபாதை, நீர்நிலை போன்ற இடங்களை ஆக்கிரமித்துக் கட்டியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நோட்டீஸ் வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். பதிலை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

அந்த உறுப்பினர் என்ன செய்தார்?

பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் மூலம் புதிதாக மனு போட்டார். பக்கத்துச் சுவரை ஒட்டி எழுப்பிய படிக்கட்டை அவரே இடிக்க வேண்டியிருந்தது. குழு அவருக்குத் தவணையை நான்கு மாதம் தள்ளி வைத்தது. புரோக்கர் வாங்கிய பணம் திரும்ப வரவில்லை. ஆனால் அனுமதி வந்தது.

அதே நேரத்தில் குழுவில் இருவர் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டார்கள்: அந்த லாட்ஜுக்கு எத்தனை மாடிக்கு அனுமதி? 30 நாளுக்குள் பதில் வந்தது. கட்டிக்கொண்டிருந்த மாடி அனுமதியில் இல்லை. பதிலின் நகலோடு புகார் கொடுத்தார்கள். இப்போது அந்த வேலை நின்றிருக்கிறது. "நின்னா மட்டும் போதுமா மேடம்?" என்று அந்த உறுப்பினர் கேட்கிறார். கேட்டுக்கொண்டே இருப்பார் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்திலும் ஒரு திருத்தம்

வீட்டுக் கடன் கொடுக்கும்போது நாம் இதுவரை ஜாமீன் கையெழுத்து மட்டும் பார்த்தோம். இனிமேல் மனு எண்ணையும் கேட்போம். அனுமதி இல்லாத வீட்டுக்குக் கொடுக்கும் கடன், அந்த அக்காவுக்கும் குழுவுக்கும் சேர்த்து வைக்கும் வெடி.

கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் பேசுங்கள். பேரூராட்சியில் இருப்பவர்களுக்கு 2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழு, பகுதி சபை உண்டு. உங்கள் வார்டில் அது கூடுகிறதா என்று கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் வீட்டுக் கடன் வாங்கியவர்களில் எத்தனை பேரிடம் அனுமதி இருக்கிறது?
2. நாம் விசேஷத்துக்குப் போகும் மண்டபத்தில் வெளியே வர எத்தனை வழி? அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.
3. மேலே சொன்ன ஐந்தில், நம் ஊர் அலுவலகத்தில் முதலில் எதைக் கேட்கலாம்?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஊக்குநர்கள் அதன் நகலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எல்லோரும் சேர்ந்தே போய்க் கேட்போம்.

– கள ஒருங்கிணைப்பாளர்