அச்சுக்கோப்பு ஆணையும் வேற்றுக் கணினியும்

ஓரிடத்துச் செய்தது மற்றோரிடத்துப் பொருந்தாமை அச்சுத்தொழிலுக்குப் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் அளவிற் பெரியனவாயிருந்தமையால், காகிதச் செலவை அஞ்சி இந்நாட்டிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. ஈயவெழுத்துப் போய்க் கணினி வந்தபின்னும் இப்பொருந்தாமை வேற்றுருக்கொண்டு தொடர்கின்றது. அதனை யாம் விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே கற்றோம்.

விழுப்புரத்தில் லினக்ஸ் கணினியொன்றில் ஆண்டு மலரொன்றை லுவாடெக் என்னும் செயலியைக்கொண்டு அமைத்தோம். இது, டொனால்டு குனூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1977-இல் தொடங்கிய டெக்கின் வழித்தோன்றலாகும். கோட்டோவியங்களை வேண்டிய வடிவிற்கு மாற்றுதல், தற்காலிகக் கோப்புக்களை அழித்தல் முதலியவற்றை இயக்குதளத்தை அழைத்துச் செய்வித்தோம். விழுப்புரத்தில் யாவும் செவ்வனே நடந்தன. திண்டிவனத்து அச்சகத்தில் இருந்ததோ விண்டோஸ். முதற் பாரம் அச்சேறியபின்னரே ஓவியங்களுக்குரிய இடங்கள் வெறுமையாயிருத்தல் கண்டோம். ஓவியம் இல்லையேல் வெற்றிடம் விடுக என்று யாமே எழுதிவைத்திருந்தமையின், செயலி யாதொரு முறையீடும் செய்திலது. புரூப் பாராது விடுத்ததும் எம் பிழையே. வீணான காகிதத்திற்கு யாமே விலை கொடுத்தோம்.

இத்தகைய வேலையிற் புகும் மாணாக்கர் முதலிற் காணவேண்டுவது லாக் கோப்பாகும். அழைப்பின் எதிரே 'டிஸேபிள்ட்' என்றிருப்பின் வாயில் அடைபட்டுள்ளதென்று அறிக. அயலார் தந்த ஆவணம் நம் கோப்புக்களையே அழித்துவிடக்கூடுமாதலின், டெக் லைவ் தொகுப்பு ஒருசில செயலிகளையே இயல்பாக அனுமதிக்கின்றது. இக்காவல் தக்கதே, 'ஷெல் எஸ்கேப்' என்னும் முழு அனுமதியை நாம் நம்பும் ஆவணத்திற்கன்றி வழங்கலாகாது. 'எக்ஸிகியூட்டட்' என்றிருப்பின் மகிழ்தலும் வேண்டா. ஆணை ஒப்படைக்கப்பட்டதென்பதே அச்சொல்லின் பொருள், நிறைவேறிற்று என்பதன்று. எம்மை மயக்கியது இச்சொல்லே.

ஆதலின் அவ்வாணையை அப்படியே எடுத்துக் கட்டளைச் சாளரத்தில் கையால் இட்டுப் பார்த்தோம். அங்கே பிழைகள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. இடைவெளியுள்ள கோப்புப்பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்திருந்தோம். லினக்ஸ் அதனை ஒரு பெயராகக் கொள்ளும், விண்டோஸின் கட்டளைச் சாளரமோ துண்டுதுண்டாக்கும். இரட்டை மேற்கோளை இரண்டும் ஏற்கும். கோப்பழிக்கும் 'ஆர்எம்' ஆணையை விண்டோஸ் அறியாது. அங்கே அது 'டெல்'. லுவாடெக்கில் 'ஓஎஸ்.ரிமூவ்' என்று எழுதின் இயக்குதளத்தை அழைக்கவேண்டுவதே இல்லை. எம்முள் ஒருவர் விண்டோஸ் வழக்கப்படி பின்சாய்கோடிட்டுப் பாதையைத் திருத்தப்புக, டெக் அதனைத் தன் கட்டளையின் தொடக்கமாகவே கொண்டது! முன்சாய்கோடே இரண்டிடத்தும் பெரும்பாலும் செல்லும்.

எமக்கு வருத்தந்தந்தது வேறொன்று. ஓவியக் கோப்புக்களுக்குத் தமிழிலேயே பெயரிட்டுப் பெருமிதங்கொண்டிருந்தோம். விண்டோஸில் இயக்குதளத்தின் இயல்புக் குறியீடாக அமைக்கத்தக்க, யூனிகோடுக்கு முற்பட்ட எட்டுப்பிட்டுக் குறியீட்டுப் பக்கங்கள் பல மொழிகளுக்கு உள, தமிழுக்கு இல்லை. எனவே பழைய முறையில் ஆணை பெறும் செயலிகளிடத்துத் தமிழ்ப்பெயர் வினாக்குறிகளாய்ச் சிதைந்துவிடும். மனமின்றி ரோமன் எழுத்தும் எண்ணுமாகப் பெயர்களை மாற்றினோம்.

மறு புரூப்பில் ஓவியங்கள் அனைத்தும் வந்தன. அக்கோப்புக்களை விழுப்புரத்திற்குக் கொணர்ந்து மீண்டும் ஓட்டியபோதோ, ஓர் ஓவியம் மட்டும் காணப்படவில்லை. புதிதாயிட்ட பெயரில் ஓரெழுத்துப் பெரியதாயிருந்தது. ஆணையில் அது சிறியது. விண்டோஸ் அவ்வேற்றுமையைப் பாராட்டுவதில்லை, லினக்ஸ் பாராட்டும்.